தார்ச்சாலைக்குள் ஒரு கம்பிச்சுருள்

சாலையோரத்தில் பொருத்தப்படும் போக்குவரத்து சென்சார் எதுவானாலும், அது விடை சொல்வது பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான்: இந்த நொடி, இந்த இடத்தில் வண்டி இருக்கிறதா, இல்லையா? கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்பும் பச்சையுமாக ஓடும் வரைபடம், சிக்னலில் கூடிக் குறையும் பச்சை நொடிகள், நெடுஞ்சாலைப் பலகையில் எரியும் 'அடுத்த சந்திப்புக்கு 12 நிமிடம்' என்ற அறிவிப்பு எல்லாமே இந்த உண்டு, இல்லை விடைகளைக் கூட்டிப் பெருக்கி வகுத்துப் பெற்றவை. அந்தக் கணக்குக்குள் சில ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன. வண்டிகள் தடம் மாறாமல் ஓடும், எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒன்றின் பின் ஒன்றாகத்தான் வரும் என்பவை அவற்றில் சில. சென்சாரை வாங்கும்போது இந்த ஊகங்களும் சேர்ந்தே வருகின்றன. விலைப்பட்டியலில் அவை இருப்பதில்லை.

சென்சார் வருவதற்கு முன் எண்ணியது மனிதர்கள்தான். சாலையோர மரத்தடியில் நாற்காலி போட்டு, படிவத்தில் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாகக் குறித்துக்கொள்வார்கள். சாலைப் பொறியியல் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸின் நெறிமுறை, ஊரகச் சாலைகளில் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், இரவுபகலாக எண்ணச் சொல்கிறது. புதிய சாலை போடவும் பழையதை அகலப்படுத்தவும் இந்தக் கணக்கு போதும். இன்று மாலை ஆறு மணிக்கு எந்தப் பக்கம் பச்சை விளக்கை நீட்டுவது என்பதற்கு இதனால் பயனில்லை. அதற்குத் தகவல் அந்த நிமிடமே வந்தாக வேண்டும்.

ஹாரனைக் கேட்ட பெட்டி

1920-களில் அமெரிக்க நகரங்களில் போலீஸ்காரர் கையால் இயக்கிய சிக்னல்கள், கடிகாரம் இயக்கும் தானியங்கி சிக்னல்களாக மாறின. அதோடு ஒரு வசதியும் போயிற்று. போலீஸ்காரருக்குக் கண் இருந்தது. கடிகாரத்துக்கு இல்லை. பக்கத் தெருவில் ஒரு வண்டியும் இல்லாதபோதும் பெரிய சாலை சிவப்பில் நின்றது.

பால்டிமோர் நகரின் ரயில்வே சிக்னல் பொறியாளர் சார்லஸ் அட்லர் இதற்குக் கண்ட வழி கொஞ்சம் வேடிக்கையானது. மைக் வைத்த சிறு பெட்டி ஒன்றைக் கம்பத்தில் மாட்டினார். பக்கத் தெருவிலிருந்து வருபவர் ஹாரன் அடித்தால் பெட்டி அதைக் கேட்டு சிக்னலை மாற்றும். 1928-ல் பால்டிமோரின் ஒரு சந்திப்பில் அது முதலில் நிறுவப்பட்டது. வண்டி வந்திருப்பதைத் தானே உணர்ந்து வழிவிட்ட முதல் சிக்னல்களில் அது ஒன்று. அந்தச் சந்திப்பை ஒட்டிக் குடியிருந்தவர்களின் தூக்கம் என்னவாயிற்று என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் ஹென்றி ஹா என்ற மின்பொறியாளர் ஹாரன் தேவைப்படாத வழியொன்றைச் செய்தார். சாலையில் இரண்டு உலோகத் தகடுகளை மேலும் கீழுமாகப் பதித்தார். சக்கரம் ஏறி அழுத்தினால் அவை ஒன்றையொன்று தொடும், மின்சுற்று பூர்த்தியாகும். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சிக்னல்களின் முதன்மைச் சென்சார் இதுதான். ஆனால் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டால் தகட்டைத் தோண்டியெடுத்துத் திரும்பப் பதிக்க வேண்டும். பனி வாரும் வண்டியின் அலகு தகட்டையே பெயர்த்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் தூண்டல் சுருள் வந்ததும் தகடு மெல்ல விடைபெற்றது.

இதற்கிடையே கருவி பதிக்காமலே ஒருவர் முக்கியமானதொரு காரியம் செய்திருந்தார். புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1930-களில் ஒஹாயோ மாநிலச் சாலைகளின் ஓரம் திரைப்படக் கேமரா வைத்து, ஓடும் வண்டிகளைச் சீரான இடைவெளியில் படமெடுத்தார். அடுத்தடுத்த படங்களில் வண்டி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து வேகமும், ஒரு மைலுக்கு எத்தனை வண்டி என்று எண்ணி அடர்த்தியும் கண்டார். 1935-ல் வெளியான அவருடைய முடிவு: அடர்த்தி கூடக் கூட வேகம் குறைகிறது. கேட்டால் இதிலென்ன புதுமை என்று தோன்றும். அதிலிருந்து கிளைக்கும் உண்மை அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாதது: சாலையைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை ஓர் உச்சம் வரை ஏறும், பிறகு நெரிசல் கூடும்போது இறங்கும். ஆகவே 'நிமிடத்துக்கு இத்தனை வண்டி' என்ற எண் ஒன்றே தெரிந்தால், சாலை காலியாக ஓடுகிறதா, திணறுகிறதா என்று சொல்ல முடியாது. இரண்டு நிலையிலும் அதே எண் வரலாம். பின்னால் வந்த சென்சார்க் கணக்கு முழுவதும் இந்தச் சிக்கலைச் சுற்றியே நடக்கிறது.

சுருள் என்ன பார்க்கிறது?

சிக்னலின் நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் தார்மீது வாளால் அறுத்தது போன்ற சதுரம் அல்லது செவ்வகக் கோடு தெரிந்தால், அதற்குள் கம்பிச்சுருள் இருக்கிறது என்று பொருள். வைர அலகு அறுப்பானால் சில செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, காப்பிட்ட கம்பியைச் சில சுற்றுகள் சுற்றி, மேலே பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். சுருளின் இரு முனைகளும் தரைக்கடியில் ஓடி, சாலையோர இரும்புப் பெட்டியிலிருக்கும் மின்னணு அட்டையில் சேர்கின்றன. அமெரிக்க வழக்கத்தில் சுருள் ஆறடிக்கு ஆறடி, அதாவது சுமார் 1.8 மீட்டர்.

சுருளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் ஓடுகிறது. வண்டியின் உலோக அடிப்பாகம் சுருளின் மேல் வந்ததும், சுருளின் காந்தப்புலம் அந்த உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை புலத்தை எதிர்க்க, சுருளின் தூண்டல் திறன் குறைகிறது, சுற்றின் அதிர்வெண் ஏறுகிறது. அட்டை கவனிப்பது அந்தச் சிறு ஏற்றத்தைத்தான். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலுமினியச் சக்கரம் பூட்டிய சைக்கிளைச் சுருள் உணரும். யானை நின்றாலும் உணராது. லாரியின் அடிப்பாகம் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால், உருவத்தில் பெரிதாயிருந்தும் தாழ்வான காரைவிட மெலிந்த சமிக்ஞையையே அது தரும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சதுரத்தின் நடுவில் நின்றால் தப்பிவிடும், கம்பி ஓடும் விளிம்பின்மேல் நின்றால் அகப்படும். சிக்னல் தன்னைக் கவனிக்கவே இல்லையே என்று சைக்கிள்காரர் நொந்துகொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இந்தச் சுருளிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கின்றன. ஒன்று, குறித்த நேரத்தில் எத்தனை வண்டி கடந்தது என்னும் ஓட்டம். மற்றொன்று, அந்த நேரத்தில் எத்தனை சதவீதப் பொழுது சுருளின் மேல் வண்டி இருந்தது என்பது. இதை இருப்பு விகிதம் எனலாம். இரண்டும் சேர்ந்தால் கிரீன்ஷீல்ட்ஸின் புதிர் அவிழ்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 நொடியில் 12 கார்கள் கடந்தன. சுருளின் மேல் வண்டி இருந்த நேரம் மொத்தம் 3 நொடி, அதாவது 10 சதவீதம். காரின் நீளம் 4.2 மீட்டர், சுருளின் நீளம் 1.8 மீட்டர் என்றால், ஒவ்வொரு காரும் சுருளை மூடியபடி நகர்ந்த தூரம் 6 மீட்டர். பன்னிரண்டு கார்களுக்கு 72 மீட்டர், அதை 3 நொடியில் கடந்திருக்கின்றன. வேகம் நொடிக்கு 24 மீட்டர், மணிக்கு 86 கி.மீ. இப்போது அதே 30 நொடியில் அதே 12 கார்கள், ஆனால் இருப்பு விகிதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 72 மீட்டரைக் கடக்க 12 நொடி, மணிக்கு 22 கி.மீ.கூட வரவில்லை. எண்ணிக்கை மாறவில்லை, சாலையின் கதி தலைகீழாகிவிட்டது.

இந்தக் கணக்கில் ஊகம் நுழைந்த இடம் அந்த 4.2 மீட்டர். சுருளுக்கு வண்டியின் நீளம் தெரியாது. நள்ளிரவுக்குப் பின் கார்கள் ஓய்ந்து லாரிகள் மட்டும் ஓடும்போது, அதே சூத்திரம் லாரியைக் காராக எண்ணிக்கொண்டு, அது சுருளை நெடுநேரம் மூடியதை மந்தமான வேகமாகப் படிக்கும். காலிச் சாலையில் நெரிசல் என்று திரை சிவக்கும். இதைத் தவிர்க்க, நாளின் நேரத்துக்கும் தடத்துக்கும் ஏற்ப வெவ்வேறு சராசரி நீளத்தைக் கையாள்கிறார்கள். செலவு செய்ய முடிந்தால் ஒரே தடத்தில் அடுத்தடுத்து இரண்டு சுருள் பதிக்கலாம். முதல் சுருளைத் தொட்ட நேரத்துக்கும் இரண்டாவதைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தை நேரடியாகத் தரும். சுருள்களுக்கிடையே 5 மீட்டர், வித்தியாசம் 0.2 நொடி என்றால் மணிக்கு 90 கி.மீ. இங்கே நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலே வேகம் 5 சதவீதம் பிசகும்.

சராசரி எடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு கார் 60 கி.மீ., இன்னொன்று 20 கி.மீ. வேகத்தில் சுருளைக் கடந்தால் சராசரி 40 என்றுதான் கை தானாக எழுதும். ஆனால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க முதல் காருக்கு 1 நிமிடம், இரண்டாவதற்கு 3 நிமிடம். இருவருக்கும் சராசரி 2 நிமிடம், அதாவது 30 கி.மீ. வேகம். பயண நேரம் சொல்ல வேண்டுமானால் இந்த 30 தான் சரி. இந்த இரு சராசரிகளுக்கும் உள்ள தொடர்பை 1952-ல் வெளியான கட்டுரையில் பிரிட்டனின் ஜான் கிளென் வார்ட்ராப் கணிதமாக வகுத்தார். இன்றும் அவசரத்தில் எழுதப்படும் மென்பொருள்களில் முதல் சராசரியே இடம்பிடித்துவிடுவதுண்டு. அப்போது நெரிசல் இருப்பதைவிட இலேசாகத் தெரியும்.

எங்கே பதிப்பது?

சுருளைப் பதிக்கும் இடத்தை வைத்தே அது எந்தக் கேள்விக்கு விடை சொல்லும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சாலைத்துறை 1970-களில் சிட்னிக்காக உருவாக்கிய ஸ்காட்ஸ் என்ற சிக்னல் முறையில் சுருள்கள் நிறுத்தக் கோட்டருகே இருக்கின்றன. பச்சை எரியும்போது வண்டிகளுக்கிடையே எவ்வளவு வெற்று நேரம் போனது என்று அவை அளக்கின்றன. பச்சை வீணானால் அடுத்த சுற்றில் அந்தப் பக்கத்துக்குக் குறையும். பிரிட்டனில் அதே காலத்தில் உருவான ஸ்கூட் முறையில் சுருள்கள் சந்திப்புக்கு வெகு முன்னால், முந்தைய சந்திப்பைத் தாண்டியதும் பதிக்கப்படுகின்றன. அது வரப்போகும் வண்டிக்கூட்டத்தை முன்கூட்டியே பார்த்து, அது சந்திப்பை எட்டும் நேரத்தைக் கணித்து, பச்சையைச் சில நொடி முன்பின்னாக நகர்த்துகிறது. முதலாவது நடந்து முடிந்ததை அளந்து திருத்திக்கொள்கிறது, இரண்டாவது வரப்போவதை ஊகிக்கிறது. ஸ்கூட்டின் சுருள் பழுதானால் ஊகம் மொத்தமும் கெடும்.

சிங்கப்பூர் 1988 முதல் ஸ்காட்ஸை அடிப்படையாகக் கொண்ட கிளைடு முறையில் தன் சிக்னல்களை இயக்கிவருகிறது. அங்கே சாலை வேகத் தகவலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: விலை வைப்பது. 1998-ல் தொடங்கிய மின்னணுச் சாலைக் கட்டண முறையில், விரைவுச்சாலையில் வேகம் 45 முதல் 65 கி.மீ.க்குள்ளும் நகரின் முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கி.மீ.க்குள்ளும் இருக்கவேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். வேகம் வரம்புக்குக் கீழே போனால் அந்த நேரத்துக்கான கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். வேகத்தை அளப்பதில் வரும் பிழை அங்கே நேராக ஓட்டுநரின் பணப்பையைத் தொடுகிறது. அதனால் அளவையும் அதற்கேற்ற அக்கறையோடு நடக்கிறது.

இங்கிலாந்தின் மோட்டார்வேக்களில் மைடாஸ் என்ற அமைப்பு சுமார் 500 மீட்டருக்கு ஒரு வரிசையாகச் சுருள்களை வைத்திருக்கிறது. முன்னால் வண்டிகள் தேங்கி, சுருள்கள் நெடுநேரம் மூடியே இருந்தால், பின்னால் வருபவர்களுக்கான வேக வரம்புப் பலகைகள் மணிக்கு 60, 50, 40 மைல் என்று தாமாகவே இறங்கும். லண்டனைச் சுற்றிவரும் எம்25 சாலையின் மேற்குப் பகுதியில் 1995-ல் இப்படி மாறும் வேக வரம்பு நடைமுறைக்கு வந்தது. தேங்கி நிற்கும் வரிசையின் வாலில் வேகமாக வந்து மோதுவதைத் தடுப்பதில் இந்த ஏற்பாடு திறமையானது.

ஆனால் அது வரிசையை அறியும்படி கட்டப்பட்டது, தனி வண்டியை அறியும்படி அல்ல. பின்னாளில் நெரிசலைக் குறைக்க, அவசரத்துக்கு ஒதுங்கும் ஓரத்தடத்தையும் ஓடுதடமாக்கிய 'ஸ்மார்ட் மோட்டார்வே'க்கள் வந்தபோது இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினையாயிற்று. இரவில், வண்டிகள் குறைவாக ஓடும் நேரத்தில், இரண்டு சுருள் வரிசைகளுக்கு நடுவே ஒரு கார் பழுதாகி நின்றால், மற்ற வண்டிகள் விலகிப் போய்க்கொண்டே இருக்கும். வரிசை சேராது, எந்தச் சுருளும் மூடாது, பலகையில் எச்சரிக்கை எரியாது. இப்படி நின்ற வண்டிகள்மீது நடந்த மோதல்களுக்குப் பின், நின்றுபோன வண்டியைக் கண்டறிவதற்கென்றே சாலையை நீளவாக்கில் துழாவும் ரேடார்களைச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு, செலவையும் மக்களின் நம்பிக்கைக் குறைவையும் காரணம் காட்டி, புதிய ஸ்மார்ட் மோட்டார்வேத் திட்டங்களைக் கைவிட்டது.

தரைக்கு மேலே

சுருளின் பெரிய குறை, சாலையை வெட்ட வேண்டியிருப்பது. தடத்தை மூட வேண்டும். வெட்டிய இடத்தில் தண்ணீர் இறங்கிச் சாலை பிளக்கும். குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ யாராவது தோண்டினால் கம்பி அறுந்துபோகும். எனவே தரைக்கு மேல் தொங்கும் கருவிகள் பெருகின. ஜப்பான் தடங்களின் மேல் மீயொலி உணரிகளைத் தொங்கவிட்டது. ஒலித்துடிப்பு சாலையில் பட்டுத் திரும்பும் நேரம் குறைந்தால் கீழே வண்டி இருக்கிறது என்று கொள்ளும். இத்தகைய தகவல்களைத் தொகுத்து காரின் திரைக்கே அனுப்பும் விக்ஸ் சேவை அங்கே 1996 ஏப்ரலில் தொடங்கியது. ரேடாரில் இரண்டு வகை உண்டு. அலையின் அதிர்வெண் மாற்றத்தை மட்டும் பார்க்கும் எளிய வகைக்கு ஓடும் வண்டிதான் தெரியும், நின்ற வண்டி மறைந்துவிடும். நெரிசலை அளக்க வந்த கருவிக்கு நெரிசல் முற்றியதும் கண் தெரியாமல் போவது விசித்திரம்தான். அதிர்வெண்ணைத் தொடர்ந்து ஏற்றி இறக்கும் வகை, தூரத்தையும் அளப்பதால் நிற்பதையும் காணும். ஓரத்துக் கம்பத்தில் ஒன்றை மாட்டினால் பல தடங்களை ஒருசேரப் பார்க்கும். ஆனால் அருகிலுள்ள தடத்தில் உயரமான கன்டெய்னர் லாரி போகும்போது அதற்கப்பால் ஓடும் கார் நிழலில் விழுந்துவிடும். பூமியின் காந்தப்புலம் வண்டியின் இரும்பால் வளைவதை உணரும் சிறு உருளைகள் பாட்டரியோடு தரையில் பதிக்கப்பட்டு, கம்பியில்லாமல் தகவல் அனுப்புகின்றன. எஃகுப் பாலங்களைப் போலச் சுருள் சரிவர வேலை செய்யாத இடங்களுக்கு இவை ஏற்றவை.

கேமரா இவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிடும் என்ற பேச்சு நாற்பது ஆண்டு பழையது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பானோஸ் மிகலோபூலோஸ் குழு 1984 வாக்கில் தொடங்கிய ஆய்வே பிறகு ஆட்டோஸ்கோப் என்ற கருவியாகச் சந்தைக்கு வந்தது. படத்தின்மேல் ஒரு கோடு வரைந்து, அந்த இடத்தில் ஒளி மாறினால் வண்டி என்று எண்ணிய காலம் அது. மேகம் நகர்ந்தாலும், பக்கத்துத் தடத்து லாரியின் நிழல் விழுந்தாலும், மழையில் ஈரத்தார் ஹெட்லைட்டைப் பிரதிபலித்தாலும் கணக்கு உளறும். இன்று படத்திலுள்ள பொருளையே அடையாளம் காணும் நரம்பு வலைப்பின்னல்கள் அந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்த்துவிட்டன. ஒன்று மட்டும் தீரவில்லை: பேருந்துக்குப் பின்னால் போகும் ஸ்கூட்டர் படத்திலேயே இல்லை. அதற்குக் கேமராவை உயரத்தில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பழுதான சென்சார் சொல்லும் பொய்

சென்சார் நிறுவிய மறுநாள் எல்லாம் நன்றாக இருக்கும். பாடு அதன் பிறகுதான். இதை முறையாகச் சமாளித்த இடம் கலிஃபோர்னியா. மாநிலத்தின் ஃப்ரீவேக்களில் ஏறக்குறைய 40,000 உணரிகள் 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பும் எண்களை பெம்ஸ் என்ற தளம் வாங்கி, ஐந்து நிமிடத் தொகுப்பாக்கி, ஆய்வாளர் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கிறது. இதன் பின்னணியில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவின் முதன்மையானவர் பம்பாயில் பிறந்த பிரவீண் வரையா. 2022-ல் மறைந்த அவர், தரவு இல்லாமல் 'நெரிசலுக்குச் சாலை போதாததுதான் காரணம்' என்று சொல்லிக்கொண்டிருந்த பழக்கத்தைத் தரவைக் காட்டியே கேள்விக்குள்ளாக்கியவர்.

எந்த நாளில் பார்த்தாலும் அந்த உணரிகளில் கணிசமான பங்கு கோளாறாகவே இருக்கும். முழுக்கச் செத்த சென்சார் தொல்லையில்லை, அதைக் கண்டுகொள்ளலாம். அரைகுறையாக உயிரோடிருப்பதுதான் ஏமாற்றும். பகல் முழுவதும் ஒரே எண்ணை அனுப்பும் சுருள் உண்டு; வண்டி எண்ணிக்கை பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டே இருப்பு விகிதத்தைக் காட்டும் சுருள் உண்டு; பக்கத்துத் தடத்து வண்டிகளையும் சேர்த்து எண்ணும் சுருளும் உண்டு. 30 நொடித் துணுக்கு ஒன்றைத் தனியே வைத்து இதைப் பிடிக்க முடியாது. ஆகவே நாள் முழுவதுமான தொடரைப் பார்த்து, இந்தச் சுருள் இன்று நம்பத்தக்கதா என்று தீர்ப்பளிக்கிறார்கள். தேறாதவற்றின் எண்களைத் தள்ளி, அக்கம்பக்கத்துச் சுருள்களோடு அவற்றுக்கிருந்த பழைய உறவிலிருந்து மதிப்பிட்டு நிரப்புகிறார்கள். திரையில் பளிச்சென்று தெரியும் 'நேரலை' எண்ணில் ஒரு பகுதி இப்படி நிரப்பப்பட்டது. எவ்வளவு பகுதி என்பதையும் பெம்ஸ் சேர்த்தே வெளியிடுகிறது. இந்த நேர்மை எல்லாத் தளங்களிலும் இல்லை.

தடமில்லாத சாலை

மேலே சொன்ன கருவிகள் பெரும்பாலும் கார்கள் தடம் பிரிந்து ஓடும் நாடுகளில் பிறந்தவை. இந்திய நகரச் சாலையில் அவற்றின் முதல் ஊகமே உடைகிறது. கோடு போட்டிருந்தாலும் வண்டிகள் அகலத்தை நிரப்பித்தான் ஓடுகின்றன. மூன்றரை மீட்டர் தடத்தின் நடுவே 1.8 மீட்டர்ச் சுருள் இருந்தால், அதன் இருபுறமும் டூவீலர் தாராளமாக நழுவிப்போகும். இரண்டு பைக் அருகருகே சுருளின்மேல் வந்தால் ஒரு வண்டி. இரண்டு தடங்களின் சுருள்களையும் மிதித்துக்கொண்டு வரும் ஆட்டோ இரண்டு வண்டி. தற்காலிகக் கணக்கெடுப்புக்குக் குறுக்கே போடும் ரப்பர்க் குழாயின் நிலை இன்னும் மோசம். அச்சுகளை எண்ணி இரண்டால் வகுப்பது அதன் வழக்கம். மூன்று அச்சு லாரி ஒன்றரை வண்டியாகும், ஒரே நேரத்தில் ஏறும் ஸ்கூட்டரும் காரும் கலந்துபோகும்.

வகை பிரிக்காமல் எண்ணினால் இங்கே பயனுமில்லை. இந்தியச் சாலை காங்கிரஸ் ஊரகச் சாலைகளுக்கு வகுத்த கார்-சமான அளவில் மோட்டார் சைக்கிள் 0.5, கார் 1, பேருந்தும் லாரியும் 3, மாட்டு வண்டி 8. சாலையில் ஒரு மாட்டு வண்டி பதினாறு மோட்டார் சைக்கிளுக்கு ஈடாக இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். ஆகவே 'வண்டி வந்தது' என்பதோடு நிற்காமல் 'என்ன வண்டி' என்றும் சென்சார் சொல்லியாக வேண்டும்.

சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட பல்சுருள் அமைப்பு இதற்குச் சுருளின் வழியிலேயே விடை தேடியது. பெரிய சுருள் பேருந்தை நன்றாக உணரும், சைக்கிளைத் தவறவிடும். சிறிய சுருள் சைக்கிளை உணரும், உயர்ந்த பேருந்தைச் சரிவர உணராது. எனவே இரண்டு அளவையும் ஓர் அமைப்புக்குள் இணைத்து, அப்படிப் பலவற்றைச் சாலையின் அகலவாக்கில் வைத்தார்கள். வண்டி எந்த இடுக்கில் போனாலும் ஏதாவதொன்றில் பதிவாகும். எழும் சமிக்ஞையின் வடிவத்தை வைத்து சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார், பேருந்து என்று பிரிக்கலாம். தடம் என்ற கருத்தையே சுருளிலிருந்து நீக்கியதுதான் இதன் சிறப்பு.

பம்பாய் ஐஐடியில் ரிஜுரேகா சென்னும் பாஸ்கரன் ராமனும் அவர்களுடைய குழுவினரும் போன வழி வேறு. 2010-ல் வெளியான அவர்களுடைய முறை, மும்பைச் சாலைகளில் ஓயாமல் கிடைக்கும் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டது: ஹாரன். சாலையோரம் இடைவெளி விட்டு இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள். நடுவே ஓடும் வண்டி ஹாரன் அடித்தால், அது நெருங்கிவரும் பக்கத்துக் கருவிக்கு ஒலி சற்றுக் கூர்மையாகவும், விலகிச்செல்லும் பக்கத்துக் கருவிக்குச் சற்றுத் தடித்தும் கேட்கும். 3000 ஹெர்ட்ஸ் ஹாரனோடு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு கருவியில் சுமார் 3090 ஆகவும் மற்றதில் சுமார் 2915 ஆகவும் பதிவாகும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்து ஒலியின் வேகத்தால் பெருக்கினால் வண்டியின் வேகம் வந்துவிடும். ஹாரனின் அசல் அதிர்வெண் தெரியவே வேண்டாம். கருவி மலிவு, சாலையைத் தொட வேண்டியதில்லை, தடம் தேவையில்லை. பால்டிமோரில் அட்லர் ஓட்டுநரை வேண்டுமென்றே ஹாரன் அடிக்கச் சொன்னார், மும்பையில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே குழுவினர் 2012-ல் ரேடியோ அலையை முயன்றார்கள். சாலையின் ஒருபுறம் அனுப்பும் கருவி, மறுபுறம் வாங்கும் கருவி. நடுவே வண்டிகள் நெருங்கித் தேங்கினால் வந்துசேரும் அலை மெலியும், வண்டிகள் கலைந்து ஓடும்போது அது வலுக்கும். தனித்தனி வண்டியை எண்ணும் ஆசையை விட்டுவிட்டு, சாலை தேங்கியிருக்கிறதா, ஓடுகிறதா என்று மட்டும் கேட்பதே இதிலுள்ள புத்திசாலித்தனம். வரிசை எவ்வளவு நீளம் என்று அறிய, சாலை நெடுக இப்படிச் சில இணைகள் இருந்தால் போதும்.

கேமராவுக்கும் இங்கே தனிப் பயிற்சி வேண்டும். ஐரோப்பியத் தெருப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு ஆட்டோ என்றால் என்னவென்று தெரியாது. ஹைதராபாத் ஐஐஐடி இந்தியச் சாலைகளில் கார்மீது கேமரா வைத்து எடுத்து வெளியிட்ட 10,000 படங்களின் தொகுப்பில் 34 வகைப் பொருள்கள் குறிக்கப்பட்டன. ஆட்டோவும் தெருவில் நிற்கும் விலங்குகளும் அவற்றில் சேர்த்தி. சாலையோரக் கம்பத்திலிருந்து பார்க்கும் கோணம் வேறு என்பதால் அதற்குத் தனியே படங்கள் தேவைப்படுகின்றன.

அடையாளம் காணும் சென்சார்

ஓர் இடத்து வேகத்தை அளந்து பயண நேரத்தை ஊகிப்பதற்குப் பதில், அதே வண்டியை இரண்டு இடத்தில் அடையாளம் கண்டால் பயண நேரம் நேரடியாகவே கிடைத்துவிடும். பிரிட்டனில் டிராஃபிக்மாஸ்டர் நிறுவனம் நீலக் கம்பங்களில் கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படித்து இதைச் செய்தது. முழு எண்ணையும் எடுக்காமல் நடுவிலுள்ள எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டு கம்பங்களில் ஒரே துணுக்கு பொருந்தினால் நேரம் கிடைக்கும், வண்டி யாருடையது என்பது கிடைக்காது. தேவைக்கு மேல் ஒன்றையும் சேகரிக்காத இந்த வடிவமைப்பு, பின்னால் வந்த பல அமைப்புகளுக்கு முன்னுதாரணமாகியிருக்க வேண்டியது. புளூடூத், வைஃபை அடையாள எண்களைப் பிடிக்கும் பெட்டிகள் பிறகு வந்தன. செல்பேசிகள் அந்த எண்ணை அடிக்கடி மாற்றிக்கொள்ளத் தொடங்கியதும் அவற்றின் பிடி தளர்ந்தது.

இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமான ஃபாஸ்டேக் இதே வாய்ப்பைக் கொண்டிருக்கிறது. ஒரு வண்டி பரனூர்ச் சுங்கச்சாவடியில் பதிந்த நேரமும் விக்கிரவாண்டிச் சாவடியில் பதிந்த நேரமும் இருந்தால் இடைப்பட்ட பயண நேரம் தெரிந்துவிடும். ஆனால் வழியில் காபிக்கு நிறுத்தியவரின் முக்கால் மணி நேரத்தையும் நெரிசலாக எண்ணிவிடக்கூடாது. அதற்காக வெறும் சராசரியைத் தவிர்த்து, நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். சுங்கச்சாவடிகள் பல பத்து கி.மீ. இடைவெளியில் இருப்பதால் இந்தத் தகவல் எப்போதும் தாமதமானதே. சாவடியை எட்டிய பிறகுதான் வண்டி பேசும், நடுவில் சிக்கியிருக்கும் வரை மௌனம்தான்.

செல்பேசி போதாதா?

2008 பிப்ரவரி 8 அன்று கலிஃபோர்னியாவின் ஐ-880 ஃப்ரீவேயில் பெர்க்லி ஆய்வாளர்களும் நோக்கியாவும் ஜிபிஎஸ் செல்பேசி வைத்த 100 கார்களை நாள் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடும் வண்டிகளில் 2 முதல் 3 சதவீதம் இப்படி வேகம் சொன்னாலே சாலையின் வேகம் நன்றாகத் தெரிந்துவிடுகிறது என்பது முடிவு. இன்று கையிலிருக்கும் வரைபடச் செயலிகள் பெருமளவு அந்த வழியில் வந்தவை. சுருள் இல்லாத சாலைகளிலும் வேகம் தெரிகிறது, நகராட்சி ஒரு குழிகூட வெட்ட வேண்டியதில்லை. சாலையோரச் சென்சாருக்கு இனி என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு.

செல்பேசி சொல்வது வேகம், எண்ணிக்கை அல்ல. நூறில் எத்தனை வண்டி செயலியைத் திறந்து வைத்திருக்கிறது என்பது சாலைக்குச் சாலை, நேரத்துக்கு நேரம் மாறும். அதனால் இருபது பேசிகள் தெரிந்தால் வண்டிகள் இருநூறா, எண்ணூறா என்று சொல்ல முடியாது. ஒரே பேருந்தில் ஐம்பது பேசிகள் போகலாம். ஜெர்மானியக் கலைஞர் சைமன் வெக்கர்ட் 2020 பிப்ரவரியில் இதை வெட்டவெளிச்சமாக்கினார். 99 பழைய செல்பேசிகளைச் சிவப்புக் கைவண்டியொன்றில் போட்டு பெர்லின் தெருக்களில் மெதுவாக இழுத்து நடந்தார். காலியாகக் கிடந்த தெரு கூகுள் மேப்பில் சிவந்தது. அந்தத் தெருவில் ஒரே ஒரு சுருள் இருந்திருந்தால் வண்டி எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம் என்று காட்டியிருக்கும்.

அதனால் இரண்டையும் கலப்பதே இப்போது நடைமுறை. நீண்ட சாலைப் பகுதிகளில் வேகத்தைச் செல்பேசித் தரவிலிருந்து பெறுகிறார்கள். எண்ணிக்கை தேவைப்படும் சந்திப்புகளிலும், நெடுஞ்சாலையில் வண்டிகள் ஏறி இறங்கும் இடங்களிலும் சென்சாரை வைத்துக்கொள்கிறார்கள். ஆங்காங்கே சில சென்சார்களை நன்றாகப் பராமரித்து, அவற்றின் எண்ணோடு ஒப்பிட்டு, செல்பேசித் தரவு அந்தச் சாலையில் எத்தனை சதவீத வண்டிகளைப் பிரதிபலிக்கிறது என்று கணிக்கிறார்கள். செல்பேசித் தரவு தனியார் நிறுவனத்தின் சொத்து. விலையும் நிபந்தனையும் அவர்கள் கையில், கணக்கிடும் முறையும் வெளியே தெரியாது. சொந்தச் சுருளின் எண்ணை நகரமே வைத்துக்கொள்ளலாம், சோதிக்கலாம், வெளியிடலாம். பச்சை விளக்கின் நொடிகளைப் பிரிக்கும் கணினிக்கு நான்கு பக்கத்திலும் எத்தனை வண்டி, என்னென்ன வண்டி நிற்கிறது என்பது ஒவ்வொரு சுற்றிலும் தெரிந்தாக வேண்டும். அந்த விடை இன்றும் சுருளிலிருந்தோ, ரேடாரிலிருந்தோ, கம்பத்துக் கேமராவிலிருந்தோதான் வருகிறது.